கோச்சி போகுமட்டும்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பார்த்து, போய்ச் சேர்ந்தாயா என்று கேட்பதில்லை. அதற்குப் பதிலாக மணி அடிக்கும். போய்ச் சேர்ந்தவர் போனை எடுத்து ஒரு தடவை அடிக்கவிட்டு, மறுமுனையில் எடுப்பதற்குள் வெட்டிவிட வேண்டும். எடுத்துவிட்டால் பிழை. போர் நடந்த அந்த ஆண்டுகளில் கொழும்பில் எத்தனையோ குடும்பங்கள் இப்படி மிஸ்ட் கோல் கொடுத்துத்தான் தாங்கள் உயிரோடு இருப்பதை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டிருந்தன.

எங்கள் வீட்டில் எல்லா மணியும் எனக்குத்தான் வரும். நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. அம்மா ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், வத்தளையில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டினாள். இருவரும் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடத்து வாசலோடு நின்றுபோனவர்கள். உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். ஆகவே வீட்டில் என் சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது. வீட்டில் இருப்பவர்களின் பெயர் கொடுக்கும் பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்புவது நான். மின்சார சபைக்கு எழுதுவது நான். எங்கள் வரிசையில் இருந்த அத்தனை வீடுகளுக்கும் கடிதம் எழுதுவதும் நான்தான். காலையில் எல்லோரும் கிளம்பிப் போனபின், அவர்களை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பும் எனக்கே உரியது என்று எப்படியோ நினைத்துவிட்டேன்.

நான் வேலை செய்தது வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷன் கடையில். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையின் கடைசியில், தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது கடை. கண்ணாடி போட்ட சிறு அறைகளில் தொலைபேசிகள். சுவரோரம் பலகைத் தடுப்புகளுக்கு நடுவே நாலைந்து கணினிகள். விசாவுக்காக லொட்ஜுகளில் காத்திருப்பவர்கள், கனடாவிலிருக்கும் மகனோடு கதைக்க வரும் தாய்மார், கமராவுக்கு முன்னால் பட்டுச் சேலையோடு வந்து உட்காரும் பெண்கள் எல்லோரும் வருவார்கள். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் ரிசீவரை ஓடிக்கலோன் தொட்ட துணியால் துடைப்பார். "ஊரெல்லாம் அழுற சாமான் தம்பி, சுத்தமா இருக்க வேணும்" என்பார்.

பின்னால் ரயில் போகும்போது கடையே ஆடும். கண்ணாடிகள் கடகடவென்று நடுங்கும். அறைகளுக்குள் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில், "கொஞ்சம் பொறுங்கோ, கோச்சி போகுது" என்பார்கள். பிறகு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். கோச்சி போய்விடும். விட்ட இடத்திலிருந்து கதை தொடரும். இதை நான் தினமும் பார்த்தேன், ஒருபோதும் கவனித்ததில்லை.

ஒரு காலையில் அம்மாவின் மணி வரவில்லை. முதலில் உள்ளங்கை வேர்த்தது. பிறகு தொண்டையை உள்ளிருந்து யாரோ திருகி மூடுவதுபோல இருந்தது. நெஞ்சு இடித்த இடிப்பில் சட்டைப் பையிலிருந்த போனும் சேர்ந்து அடிப்பதாக நினைத்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். நோர்வேக்குக் கேட்ட ஒருவருக்கு ஜெர்மனியில் யாரையோ பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

"என்ன தம்பி, உமக்குக் காய்ச்சலோ?" என்றார் முதலாளி. "முகம் அவிச்ச முட்டை மாதிரி இருக்கு."

அம்மாவின் போனில் சார்ஜ் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பதற்றம் அடிக்கடி வந்தது. மணி ஒரு நிமிடம் பிந்தினாலே வந்தது. பக்கத்து டிஸ்பென்சரி டொக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இருதயம் குதிரை மாதிரி இருக்கிறது, போய் வேலையைப் பார் என்றார். எனக்கு அழுகை வந்தது. குதிரைதானே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம், லொட்ஜில் தங்கியிருந்த ஒருவர் மூலைக் கணினியில் இருந்துவிட்டு எழும்பிப் போனார். பக்கத்தை மூட மறந்திருந்தார். மூடப் போனபோது திரையில் தமிழ் எழுத்துகள். வெளிநாட்டில் இருக்கும் தமிழர் சிலர் நடத்தும் உளவளத்துணைச் சேவை அது. பெயர் சொல்லத் தேவையில்லை, குரல் காட்டத் தேவையில்லை, தட்டச்சில் எழுதினால் போதும், ஒருவர் பதில் எழுதுவார் என்று இருந்தது. உளவளத்துணை என்ற சொல்லை நான் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன்; அது சுனாமி அடித்த இடங்களுக்கு ஆட்கள் கொண்டுபோகும் ஏதோ ஒன்று என்றுதான் எண்ணியிருந்தேன். தொண்டை மூடிக்கொள்கிறது என்ற ஒரு சின்ன விஷயத்துக்கு அதைக் கேட்கலாமா? கூச்சமாக இருந்தது. இருந்தாலும் பதிந்தேன். லண்டன் பக்கத்திலிருந்து எழுதும் ஒரு பெண்மணியோடு, புதன்கிழமைகளில், சாப்பாட்டுக்குப் பின் கடை தூங்கி வழியும் நேரம் கிடைத்தது.

முதல் நாள் எனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதினேன். "மதிப்பிற்குரிய அம்மணி அவர்கட்கு, பின்வரும் விடயத்தைத் தங்களது மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகின்றேன்." தொடர்ந்து எங்கள் குடும்ப விபரம், தொழில், முகவரியைத் தவிர மற்ற எல்லாம். இறுதியில், "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றேன்." மின்சார சபைக்கு எழுதியிருந்தால் அடுத்த நாளே ஆள் வந்திருப்பான், அவ்வளவு நல்ல கடிதம்.

திரையின் கீழே ஒரு சின்னப் பென்சில் அசைந்தது. அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு வரி வந்தது.

"கடிதம் வடிவா இருக்கு. ஆனா இதுக்குள்ள உங்களைக் காணேல்லை. இப்ப உங்கட ரெண்டு கையும் எங்க இருக்கு?"

குனிந்து பார்த்தேன். வலது கை விசைப்பலகையில் இருந்தது. இடது கை சட்டைப் பைக்குள் புகுந்து போனை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அது எப்போது அங்கே போனது என்று எனக்கே தெரியாது. எழுதினேன்.

"அந்தக் கைக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

என் மதிப்பெண்ணைப் பற்றி ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். அடையாள அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு கையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. வலிக்கிறது என்று எழுதினேன். எழுதியபின்தான் வலித்தது. எங்கோ லண்டன் பக்கத்தில், காலைக் குளிரில், முகம் தெரியாத ஒரு மனுஷி என் இடது கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாள். அந்த யோசனை கடலடிக் கம்பிகளுக்குள் ஓடிவந்து வெள்ளவத்தையில் ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால் பென்சிலாக அசைகிறது. அதைப் பார்த்துக்கொண்டு பிரமித்துப்போய் இருந்தேன். லைன் விழுந்தது. மீண்டும் வந்தபோது அவர் அங்கேயே இருந்தார்.

முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்ன தம்பி, புதன்கிழமையெண்டா தலை வடிவா வாரி இழுத்து வாறீர்? பொம்பிளை லண்டனோ?"

"இல்ல முதலாளி."

"அப்ப கனடாவோ? குளிர் கூட, யோசிச்சுச் செய்யும்."

மேலும் மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். சிரித்துவைத்தேன். அதன் பிறகு புதன்கிழமை மத்தியானங்களில் அவரே மூலைக் கணினிக்கு ஆட்களை விடாமல் பார்த்துக்கொண்டார்.

அந்த லண்டன் அம்மா எனக்குப் புத்தி சொல்லவே இல்லை. பயப்படாதே என்று ஒருதரமும் எழுதவில்லை. நான் ஒருமுறை நேரடியாகவே கேட்டேன்: குண்டு வெடிக்காது என்று சொல்லுங்களேன். பென்சில் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"சொல்ல மாட்டன். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாம இருக்கிறது எப்பிடி இருக்கு எண்டுதான் நாங்க கதைக்கலாம்."

இன்னொரு நாள், மணி வந்தபிறகு நிம்மதி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்துப் பார்க்கச் சொன்னார். கவனித்தேன். அப்பாவின் மணி வந்ததும் உடம்பு இளகியது. பிளேன்டீயைக் கையில் எடுத்தேன். அது ஆறுவதற்குள் அம்மாவின் மணியைப் பற்றிய பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மாவின் மணியும் வந்தபின், இருவரும் திரும்பி வரும் வழியைப் பற்றிய பயம். நான் மணிக்காகக் காத்திருந்தேன். மணியோ அடுத்த மணிக்காக என்னைக் காக்க வைத்தது. என் நாட்களை இத்தனை காலமும் நான்தான் வாழ்ந்தேன், ஒருமுறைகூட இதைக் காணவில்லை. ஒரு கேள்வி கேட்டதும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு தரம் கோச்சி வந்தது. கணினி மேசை ஆடியது, பக்கத்து அறையில் ஒரு அம்மா வழக்கம்போல, பொறுங்கோ என்றாள். தட்டச்சு செய்பவனுக்கு எந்தச் சத்தமும் தடையில்லை. ஆனாலும் கடைப் பழக்கத்தில் நானும் எழுதினேன்: "கொஞ்சம் பொறுங்கோ, கோச்சி போகுது."

போனபின் அவர் கேட்டார். "கோச்சி போகேக்க ஆக்கள் போனை வச்சிட்டுப் போறேல்லையோ?"

"இல்லை. வைத்தால் திரும்ப லைன் கிடைக்காது."

"அப்ப என்ன செய்வினம்?"

"சும்மா நிற்பார்கள். காதோடு பிடித்துக்கொண்டு."

"கோச்சியை நிப்பாட்ட ஒருத்தரும் ஓடுறேல்லை?"

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணாடி அறைகளைப் பார்த்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தக் காலத்தில்தான் தங்கச்சிக்குக் கடிதம் வந்தது. மருந்தகங்களில் வேலை செய்வதற்கான பயிற்சி. நுகேகொடையில் ஒரு நிறுவனம். வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ்களோடு நேரில் போய்ப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்கு. அவள் அதற்காகப் பரீட்சை எழுதி, நேர்முகம் போய், சிங்களத்தில் பதில் சொல்லிப் பெற்ற இடம். ஆனால் நுகேகொடை என்றால் பொரளைக்குப் போய் அங்கிருந்து இன்னொரு பஸ். தினமும் நான்கு பஸ். பஸ்களில் குண்டு வைத்துக்கொண்டிருந்த காலம் அது. நுகேகொடைச் சந்தியிலும் முன்பு ஒருமுறை வெடித்திருந்தது.

"அண்ணன் சொன்னா சரி" என்றாள் அம்மா.

"அவன்தானே படிச்சவன்" என்றார் அப்பா.

நான் பார்ப்போம் என்றேன். மறுநாளும் பார்ப்போம் என்றேன். தங்கச்சி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, நான் நுகேகொடைக்குப் போகவா, இல்லாட்டி ஒன்னோட சட்டப் பைக்குள்ளயே குந்திக்கிட்டு இருக்கவா? அதுவும் நல்லாத்தான் இருக்கும். பஸ்ஸு தேவையில்ல."

புதன்கிழமை இதை எழுதினேன். அவளை அனுப்பினால் நான் செத்துவிடுவேன் என்று எழுதினேன். அனுப்பாவிட்டால் அவள் வாழ்க்கை போய்விடும் என்றும் எழுதினேன். நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்றேன்.

"அந்த முடிவு என்ர இல்லை. உங்கட எண்டும் நான் நினைக்கேல்லை" என்று வந்தது. அடுத்த வரி: "கோச்சி போகுமட்டும் நிக்க ஏலுமோ எண்டு முதல்ல சின்னதா ஒண்டைச் செய்து பாப்பமா? ஒரு நாளைக்கு ஒரு மணி மட்டும் வேண்டாமெண்டு சொல்லிப் பாருங்கோ. அப்பாவின்ர. வரப் போறேல்லை எண்டு தெரிஞ்ச பிறகு உடம்பு என்ன செய்யுதெண்டு பாத்து எனக்கு எழுதுங்கோ. நாளைக்கும் நான் இருப்பன்."

அன்று மாலை, விளக்கு வைக்கும் நேரம். அப்பா பொதுக்குழாயில் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா தேங்காய் துருவினாள். தங்கச்சி கடிதத்தை ஏழாவது மடிப்பாகவோ எட்டாவது மடிப்பாகவோ மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாளைக்கு நீங்க மணி அடிக்க வேணாம்" என்றேன்.

துருவும் சத்தம் நின்றது.

"ஏன்டா தம்பி, போன் ஒடஞ்சிருச்சா?"

"இல்லப்பா. சும்மா. ஒரு நாளைக்கு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தேங்காயைப் பார்த்தாள். தங்கச்சிதான் பேசினாள். "சொல்லிருங்கப்பா."

"என்னத்தச் சொல்ல?"

"அந்த மணியப் பத்தி. டீக்கட மணி."

அப்பா தலையைச் சொறிந்தார். "அது வந்துடா… அங்க போய் நின்னா லொறி வந்து நிக்கும். முதுகுல மூட்ட ஏறிருச்சுன்னா போனத் தொட ஏலாது. அதனால… ஜம்பட்டா தெரு டீக்கடகிட்டயே அடிச்சிட்டுப் போயிருவேன்."

ஜம்பட்டா தெரு எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில். வீட்டை விட்டு இறங்கிக் கொஞ்சத் தூரம்.

"அப்ப புறக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்ததுக்கு அடிக்கிற மணி?"

"அதான்டா அது."

அம்மா தேங்காய் மூடியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அடப் பாவி மனுஷா, நீயுமா?"

"நீயுமான்னா?" என்றார் அப்பா.

அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. "பாலத்துக்கிட்ட செக்கிங்குல எல்லாரையும் எறக்கி விடுறானே. எறங்குனா போனக் கையில வச்சிக்கிட்டு நிக்க விடமாட்டான். ஃபேக்டரிக்குள்ளயும் கொண்டுபோக ஏலாது, வாசல்ல வாங்கி வச்சிருவாங்க. அதனால பஸ்ஸுல சீட்டுக் கெடச்ச ஒடனே அடிச்சிருவேன்."

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"மொதல்ல இருந்தேதான்" என்றாள். "நீ அங்க பதறிக்கிட்டு நிப்பியே சாமி. வேலையில தப்பு கிப்பு வந்துருச்சுன்னா?"

"ரெண்டு பேரும் ஒரே கள்ளம்" என்று தங்கச்சி சிரிக்கத் தொடங்கினாள். "ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம வேற." அப்பாவும் சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

நான் சிரிக்கவில்லை. கோபமும் வரவில்லை. அவர்கள் இருவரையும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தைத் தாண்டியதற்கு, சாவடியைத் தாண்டியதற்கு, சந்தையின் நெரிசலைத் தாண்டியதற்கு அத்தாட்சி என்று நான் நெஞ்சில் ஒற்றிக்கொண்ட மணிகள் எல்லாம், அவற்றைத் தாண்டுவதற்கு முன்னால் அடிக்கப்பட்டவை. அத்தனையையும் அவர்கள் அதற்குப் பிறகுதான், தனியாக, யாருக்கும் சொல்லாமல் தாண்டியிருக்கிறார்கள். நான் அவர்களைக் காவல் காத்ததாக நினைத்திருந்தேன். அந்தப் பொதி கட்டும் கையும் மூட்டை தூக்கும் கையும், ஒன்றுக்கொன்று தெரியாமல், தினமும் காலையில் என்னைத் தட்டித் தூங்க வைத்துவிட்டுப் போயிருக்கின்றன.

அடுத்த நாள் அவர் சொன்னபடி இருந்தார். எல்லாவற்றையும் எழுதினேன். பென்சில் அசைந்தது. பிறகு வந்தது.

"அப்ப இவ்வளவு காலமும் அவை எங்க நிக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே வேலைக்கு வந்திருக்கிறீங்க. சாப்பிட்டிருக்கிறீங்க. எனக்குக்கூட எழுதியிருக்கிறீங்க."

வாசித்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். என்னால் முடியவே முடியாது என்று நான் சத்தியம் செய்த ஒன்றை, என்னை அறியாமலே ஒவ்வொரு நாளும் செய்து வந்திருக்கிறேன். இதைவிடப் பெரிய அதிசயம் எனக்கு அதுவரை நடந்ததில்லை. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, ஓமெண்டிட்டாவோ?" என்றார்.

அன்று மாலை தங்கச்சியிடம், என்னைக் கேட்காதே, நீயே முடிவு செய் என்றேன். கடிதத்தை விரித்து மடிப்புகளைக் கையால் தேய்த்தாள். "முடிவு பண்ண எப்ப விட்ட நீ?" என்றாள். வெள்ளிக்கிழமை போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். வகுப்பு தொடங்கும் நாளில் பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். நடத்துநர் "இஸ்ஸரஹட, இஸ்ஸரஹட" என்று கத்திக்கொண்டு எல்லோரையும் முன்னால் தள்ளினான். அவள் கைகளுக்கு நடுவே புகுந்து முன்னால் போனாள். மணி வேண்டாம் என்று பேசி வைத்திருந்தோம். பஸ் திரும்பியதும் நெஞ்சுக்குள் கண்ணாடிகள் ஆடத் தொடங்கின. நின்றேன். மரக்கறி விற்பவன் என்னைச் சுற்றிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் அது இறங்கியது. நான் ஒன்றும் செய்யவில்லை, யாரும் மணி அடிக்கவில்லை, தானாகவே இறங்கியது. உடம்புக்கு இது தெரியும் என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை.

சில வாரங்கள் போயின. ஒரு புதன்கிழமை, காலை வெயில் ஏறும் நேரம், தூரத்தில் ஒரு சத்தம். கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கடையிலிருந்த எல்லோரும் வாசலுக்கு வந்தோம். யாரோ, பஸ்ஸாம் என்றார்கள். எந்தப் பக்கம் என்பதற்கு ஆளுக்கொரு பதில். ஒருவர் பொரளை என்றார்.

கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒரேயடியாக ஊமையாகின. கடையின் கம்பித் தொலைபேசிகளில் மட்டும் உயிர் இருந்தது. ஒழுங்கை முழுவதும் உள்ளே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு, வேலைத்தலங்களுக்கு, பெரியாஸ்பத்திரிக்கு எண் கேட்டார்கள்.

"தம்பி, முதல்ல உம்மட தங்கச்சிக்கு அடிச்சுப் பாரும்" என்றார் முதலாளி.

நிறுவனத்தின் எண் வீட்டிலிருந்த கடிதத்தில்; என் போனிலிருந்து அவளுக்கு ஒரு தடவை அடித்தேன். இணைப்பு இல்லை என்று சிங்களத்தில் ஒரு பெண் அமைதியாகச் சொன்னாள். மறுபடி அடிக்கக் கை போனது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நாள் முழுதும் அதையே செய்ய அந்தக் கைக்குத் தெரியும். நான் கையைப் பார்த்தேன். போனை மேசை லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டு, வரிசையில் முன்னால் நின்ற பெண்ணிடம், "சொல்லுங்கோ அக்கா, என்ன நம்பர்?" என்றேன்.

பயம் வந்தது. சும்மா வரவில்லை, முழுதாக வந்தது. தொண்டை மூடியது, கண்ணுக்கு முன்னால் எண்கள் இரண்டாகத் தெரிந்தன. நான் எண்களை அழுத்திக்கொண்டே இருந்தேன். அழுதுகொண்டு உள்ளே போனவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் திடீரென்று சிரிப்பதைப் பார்த்தேன். சிரிக்காமல் வெளியே வந்தவர்களையும் பார்த்தேன். ஓடிக்கலோன் போத்தல் முடிந்துபோனது. பயம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவ்வளவு பெரிதான ஒன்று எனக்குள்ளே புகுந்து போய்வர, நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

மத்தியானம் கூட்டம் வடிந்தது. தங்கச்சியிடமிருந்து ஒன்றும் இல்லை. முதலாளி மூலைக் கணினியைக் கண்ணால் காட்டினார். "போம் தம்பி. உம்மட ஆள் பாத்துக்கொண்டிருக்கும்."

திறந்தபோது அவருடைய வரி முன்பே வந்து நின்றது. எங்கள் நேரத்துக்கு முன்னரே எழுதியிருக்கிறார். "செய்தி பாத்தனான். இண்டைக்கு நீங்க வருவீங்களோ எண்டு எனக்குத் தெரியேல்லை. நான் இருக்கிறன்."

திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தப் பக்கத்திலும் ஒருவர் மணிக்காகக் காத்திருந்திருக்கிறார். அவருக்கும் தெரியவில்லை; அவரும் நின்றிருக்கிறார்.

வந்துவிட்டேன், தங்கச்சியைப் பற்றித் தகவல் இல்லை என்று எழுதினேன்.

"ஓம்" என்று எழுதினார். ஆம் என்பதற்கு மேல் ஒரு ஆறுதல் சொல் இல்லை. பிறகு, "இப்ப உங்கட ரெண்டு கையும் எங்க இருக்கு?"

இரண்டும் விசைப்பலகையில் இருந்தன. அதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேசை நடுங்கத் தொடங்கியது. குண்டு வெடித்தாலும் நிற்காத மத்தியானக் கோச்சி.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று எழுதினேன். "கோச்சி போகுது."

"பொறுக்கிறன்" என்றார்.

பஸ்கள் ஓடவில்லை. நான் வீட்டுக்கு நடந்து போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் தங்கச்சியின் செருப்பு கிடந்தது, ஒரு வார் அறுந்து. அவள் உள்ளே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் முன்பே வந்திருந்தார்கள்.

"வகுப்புல இருந்தோமா, ஒரு சத்தமும் கேக்கல" என்றாள், வாய் நிறையச் சோற்றோடு. "எந்த மருந்த வெளிச்சம் படாம வைக்கணும்னு படிச்சிக்கிட்டு இருந்தோம். பொறகுதான் சொன்னாங்க. ரோட்டெல்லாம் மூடிட்டான். நடந்துதான் வந்தேன். போன் வேல செய்யல." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நூறு தடவ அடிச்சிருப்பியே?"

"ஒரு தடவை."

"பொய்."

போனை எடுத்து நீட்டினேன். இடது கையால் வாங்கி, அடித்த எண்களின் பட்டியலைத் திறந்தாள். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். சாப்பாட்டை மறந்துபோனாள்.

"அம்மா, இங்க வாங்களேன். அண்ணன் ஒரே ஒரு தடவதான் அடிச்சிருக்கு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பா எழும்பி வந்தார். எழுத்துத் தெரியாத இரண்டு பேரும், பரீட்சை முடிவைப் பார்ப்பதுபோல, அந்தச் சின்னத் திரைக்குள் குனிந்து பார்த்தார்கள். அப்பா என் முதுகில் கையை வைத்தார். மூட்டை தூக்கும் கை, கனமாக இருந்தது.

பிறகு அம்மா தங்கச்சியிடம் திரும்பி, "அந்தச் செருப்பக் குடு, தச்சு வைக்கிறேன்" என்றாள். "காலையில எத்தன மணி பஸ்ஸுக்குப் போகணும்?"